காலியா விட்ட ரெண்டு வரி

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துருச்சு. ஒட்டுக் கேக்கலீங்க. ஒரே சீட்டுல உக்காந்துட்டு காத எங்க கொண்டு போய் வெக்கறது? "மொதல்ல படிச்சு முடிடா, வேலையப் பத்தி அப்பறம் பாக்கலாம்"னு பையன்கிட்டச் சொன்னீங்கல்ல. மூணாவது வருசம் முடிச்சிருக்கானுங்களா? கணக்குல கெட்டிக்காரனா? என்னமோ குவான்ட் குவான்ட்ங்கறான்னு சிரிச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் வாயத் தொறக்கறேன். சிரிக்காதீங்க. அவன் இப்பவே விண்ணப்பம் போடோணும். இந்த மாசமே. எறங்கினதும் கூப்பிட்டுச் சொல்லிருங்க.

இவன் யாரு எனக்குச் சொல்றதுக்குன்னு தோணும். என்ற பேரு நாச்சிமுத்து. இன்ஜினியரிங் காலேஜ்ல பிளேஸ்மென்ட் ஆபீசர். பசங்களுக்கு வேலை வாங்கிக் குடுக்கற சோலி. எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க, சொல்ற மாதிரி இல்லீங்க. இருவத்திமூணு வருச சர்வீஸ். இதுவரைக்கும் ஆயிரத்தி எரநூறு பேருக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கறேன்னு எல்லா மேடையிலயும் பேசுவேன். ஒருத்தியோட வேலையக் கெடுத்தத எந்த மேடையிலயும் சொன்னதில்லீங்க.

மத்த வேலைக்கெல்லாம் ஒரு மொறை இருக்குது. கடைசி வருசம் ஆகஸ்ட் செப்டம்பர்ல கம்பெனிக்காரங்க காலேஜுக்கு வருவாங்க. பசங்க டை கட்டிட்டு வரிசையில நிப்பாங்க. உங்க பையன் சொல்ற குவான்ட், அதாவது ஷேர் மார்க்கெட்டுல கணக்குப் போட்டே வாங்கி விக்கறான் பாருங்க, அந்தக் கம்பெனிக்காரன் அப்படி இல்ல. அவன் நம்ம காலேஜ் பக்கமே வரமாட்டான். மூணாவது வருசப் பரீட்சை முடிஞ்ச கையோட ஜூன்லயே இன்டர்நெட்டுல ஃபாரத்தத் தொறந்துருவான். வேலையில சேர்றது என்னமோ அடுத்த வருசந்தான். கடைசி தேதி செப்டம்பர் முப்பதுன்னு போட்டிருப்பான். அத நம்பினீங்கன்னா போச்சு. விண்ணப்பம் வர வரப் பிரிச்சுப் பாத்து, பரீட்சை வெச்சு, ஆள எடுத்துக்கிட்டே இருப்பான். பத்துப் பேரு வேணும்னா பத்தாவது ஆளு கெடச்ச அன்னிக்கு மூடிருவான். அது ஆகஸ்ட் மாசமா இருந்தாலும் சரி. கடைசி தேதிங்கறது சும்மா பேச்சுக்கு.

இதெல்லாம் எனக்குப் போன வருசம் தெரியாதுங்க. தெரியாதுங்கறதும் பொய்தான். ஒரு புள்ள வந்து வெவரமாச் சொல்லுச்சு. நாந்தான் காதுல வாங்கல.

கோகிலவாணின்னு பேரு. இந்தக் கவுந்தப்பாடியில மாவு மில்லு வெச்சிருக்கறாருங்க அர்த்தனாரின்னு, அவரு பொண்ணு. பேச்சு கம்மி. மார்க்கு நெம்ப நல்ல மார்க்கு. கணக்கு வாத்தியாரே சந்தேகம் வந்தா அவகிட்டக் கேப்பாருன்னு சொல்லுவாங்க. போன வருசம் ஜூன் இருவத்திநாலு, ஆபீஸ் தொறந்ததும் வந்து நின்னா.

"சார், ஒரு லெட்டர் வேணும். நான் இங்க படிக்கறேன், அடுத்த மே மாசம் முடிப்பேன்னு காலேஜ் லெட்டர்பேடுல. உங்க கையெழுத்தும் சீலும் இல்லாம ஃபாரம் போகாது சார்."

"கடைசி தேதி எப்ப?"

"செப்டம்பர் முப்பது. ஆனா சார்..."

"அப்பறம் என்ன அம்மிணி? மூணு மாசம் கெடக்குது."

"இது ரோலிங் சார். முன்னாடி போடறவங்கள முன்னாடியே எடுத்துருவாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "ரோலிங்னா எங்களுக்கு ஷட்டர்தான் தெரியும்"னேன். கிளார்க் அம்மா சிரிச்சாங்க, பியூன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அந்தப் புள்ள மட்டும் சிரிக்கல. மூஞ்சி செவந்து போயி நின்னா. அஞ்சு நிமிச வேலைங்க அது. கம்ப்யூட்டர்ல பேர மாத்தி, தாள எடுத்து, கையெழுத்துப் போட்டு, சீலக் குத்தினா முடிஞ்சுது. நான் செய்யல. சர்வீஸ்ல இருக்கற எனக்கு இவ நாள் சொல்றாளேன்னு ஒரு இது. வேற ஒண்ணும் இல்லீங்க. அந்தப் புள்ள மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

அப்பறம் நாலு தடவை வந்தா. ஒருக்கா மீட்டிங்னு சொன்னேன். ஒருக்கா, எல்லாப் பசங்க லெட்டரையும் ஒண்ணாப் போடலாம், தனித்தனியாப் போட முடியாதுன்னேன். மூணாவது தடவை வர்றப்ப ஆடி பொறந்துருச்சு. ஆடியில நாங்க எதையும் ஆரம்பிக்கறதில்லீங்க. ஆவணி மொத மொகூர்த்தத்துல ஆபீஸ்ல சாமி படத்துக்குப் பூப் போட்டு, பொங்கல் வெச்சு, அதுக்கப்பறந்தான் அந்த வருசத்து மொத லெட்டர் கையெழுத்தாகும். நான் கொண்டு வந்த பழக்கம். நல்ல பழக்கந்தானுங்க. இல்லீங்களா?

"சார், அவங்களுக்கு ஆடியெல்லாம் தெரியாது சார்"ங்கறா.

"நமக்குத் தெரியுமில்ல"ங்கறேன்.

நாலாவது தடவையும் வந்தா. கதவுகிட்ட நின்னா. நான் நிமிந்து பாக்கறதுக்குள்ள போயிட்டா. நான் பாத்தனுங்க. நிமிராமலே பாத்தேன்.

ஆவணி மூணாந்தேதி காத்தால, நான் சட்டையில இருந்து பொங்கல் பருக்கையத் தட்டிட்டு உக்காந்திருக்கறேன். ஓடி வந்தா. மூச்சு வாங்குது. ஃபாரத்த மூடிட்டாங்களாம். செப்டம்பர் முப்பதுன்னு போட்டவன் ஆகஸ்ட்லயே மூடிட்டான். அழுவான்னு நெனச்சேன், அழல. அந்தக் கம்பெனிக்கு அவளே மெயில் போட்டிருக்கறா. அவங்க வெப்சைட்டுல ஒரு கணக்குக் குடுத்திருந்தாங்களாம், அதுக்கு இவ அனுப்பின விடை அங்க ஒரு அம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு. அந்தம்மா பதில் எழுதியிருக்கறாங்க. போன்ல தொறந்து என்ற மூஞ்சிக்கு முன்னால காட்டினா. தாமதம் உங்க காலேஜ்னாலன்னா, காலேஜ்காரங்க அப்படின்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், ரெண்டு நாளைக்குள்ள அனுப்பு, உன்னப் பரீட்சைக்குக் கூப்பிடறோம்னு இருந்துச்சு.

ஒரு வரிங்க. "இந்த மாணவி ஜூன் மாதமே விண்ணப்பித்தார், தாமதம் எங்கள் அலுவலகத்தினுடையது." அவ்வளவுதான் அவளுக்கு வேணும்.

அடுத்த வாரம் காலேஜப் பாக்க ஒரு கமிட்டி வர்றதா இருந்துச்சு. தாமதம்ங்கற வார்த்தைய எங்க ஆபீஸ் தாள்ல, என்ற கையெழுத்துக்கு மேல எப்படி எழுதறது? நீங்களே சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சு எந்த ஆபீஸ்லயும் எவனும் அப்படி எழுதினதில்ல. எங்களுக்கு வேற ஒரு வழி உண்டுங்க. வெக்கக்கேடு, சொல்றேன், கேளுங்க.

வெளிய போற லெட்டருக்கெல்லாம் ஒரு நோட்டு இருக்கும், டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர்னு. தேதி, நம்பரு, யாருக்குப் போச்சுன்னு வரிசையா எழுதோணும். ஒவ்வொரு நாளும் எழுதி முடிச்சுட்டு, கடைசியில நம்பர மட்டும் போட்டு ரெண்டு வரி காலியா விட்டுருவோம். என்னைக்காவது பழைய தேதியில ஒரு லெட்டர் குடுக்க வேண்டி வந்தா அந்த வரியில எழுதிக்கலாம். யாரும் அதப் பொய்னு சொல்லமாட்டோம். "வரி இருக்குதா?"ன்னு கேப்போம். "இருக்குதுங்க சார்"னா வேலை முடிஞ்சுது. புதுசா வர்ற கிளார்க்குக்கு நான் மொத நாளே கத்துக்குடுக்கறது இதத்தான்.

"ஜூன் இருவத்திநாலுக்கு வரி இருக்குதாம்மா?"ன்னு கிளார்க் அம்மாகிட்டக் கேட்டேன்.

"இருக்குதுங்க சார்"னாங்க.

லெட்டர் தயாராயிருச்சு. அவ மொத மொதல்ல வந்து கேட்ட நாளையே போட்டுக் குடுக்கறமே, அது மரியாதைதானேன்னுகூட நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். கையெழுத்து, சீலு, நம்பரு எல்லாம் சுத்தம். கையில குடுத்தேன். தேதியப் பாத்தா, என்னப் பாத்தா. மறுக்காவும் தேதியப் பாத்தா.

"சார், இத அனுப்பினா, ரெண்டு மாசம் நானே கையில வெச்சிருந்தேன்னுதான் ஆகும்."

"வாங்கிக்க அம்மிணி. நீ கேட்டது இந்த லெட்டர்தானே? இது போனா என்ன, இன்னும் முப்பது கம்பெனி வருது. எல்லாத்துக்கும் உன்ற பேர நாந்தானே அனுப்போணும்?"

மெரட்டினேன்னு நெனைக்காதீங்க. ஆறுதலுக்குச் சொன்னது. அப்ப ஆறுதலுக்குத்தான்னு நெனச்சேன். இப்ப அதையே திருப்பிச் சொல்லிப் பாக்கறப்ப எனக்கே வேற மாதிரிக் கேக்குது.

"தேங்க்ஸ் சார்"னுட்டுப் போயிட்டா. லெட்டர அவ அனுப்பல. அனுப்பி என்ன ஆகப் போகுது? பிரின்சிபால் காதுக்கு எப்படியோ விசயம் போயி, அவளக் கூப்பிட்டு என்னம்மான்னு கேட்டிருக்கறாரு. "என்னோட தப்புதான் சார், நாந்தான் லேட் பண்ணிட்டேன்"னு சொல்லிட்டா. எனக்குத் தெரிஞ்சதும் என்ன தோணுச்சுங்கறீங்க? நல்ல வளர்ப்பு, பெரியவங்கள விட்டுக்குடுக்கலயேன்னு சந்தோசப்பட்டனுங்க. வீட்டுல போயி என்ற சம்சாரத்துகிட்டகூடச் சொன்னேன். அவ ஏன் அப்படிச் சொன்னான்னு புரியறதுக்கு எனக்கு ஆறு மாசம் ஆச்சு. என்ற கையிலதான் அந்த முப்பது கம்பெனியும் இருந்துச்சு.

அதோட முடிஞ்சிருந்தாக்கூட நான் இந்நேரம் மறந்திருப்பேன். நான் அந்த மாதிரி ஆளுதான்.

லெட்டர் குடுத்த அடுத்த வாரமே அவங்க அப்பா வந்துட்டாரு. நான் அதுக்கு முன்னால அவரப் பாத்ததில்ல. காது மடலு, புருவமெல்லாம் மாவு. மில்ல அப்படியே நிறுத்திட்டு வந்திருக்கறாரு. பொண்ணு பின்னால நிக்கறா. அந்த மனுசன் ரெண்டு கையையும் எடுத்து என்னக் கும்பிடறாருங்க.

"சார், நீங்க ஜூன்லயே குடுத்த காயிதத்த இந்தக் கழுத ரெண்டு மாசம் பைக்குள்ள போட்டு வெச்சிருந்திருக்கறா. புஸ்தகத்துக்குள்ள நேத்துத்தான் பாத்தேன். மாசம் லச்ச ரூவாய்க்கு மேல சம்பளமாமே சார்! நீங்க இவ்வளவு பண்ணியும் இப்படிக் கோட்டை விட்டிருக்கறாளே!"

சொல்லிட்டே திரும்பி, என்ற மேசைக்கு முன்னாடியே, பளார்னு ஒண்ணு வெச்சாருங்க.

நான் என்ன பண்ணேன்? எந்திரிச்சேன். "அடிக்காதீங்க அர்த்தனாரி, சின்னப் புள்ளதானே, போவுது விடுங்க"ன்னேன். விடுங்கன்னேன், கேட்டீங்களா? அவ தப்ப நான் மன்னிச்சு விடற மாதிரி. அந்தப் புள்ள கன்னத்துல கைய வெச்சுட்டு என்னப் பாத்துச்சு. கோவமாப் பாத்திருந்தாப் பரவால்லீங்க. நான் இப்பவாவது சொல்லுவேன்னு எதிர்பாத்துப் பாத்துச்சு. கிளார்க் அம்மா ரிஜிஸ்டரத் தூக்கி பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டினாங்க.

டிசம்பர்ல அவளுக்கு மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுல சாதாரண வேலை கெடச்சுது. நாந்தான் பேர அனுப்பினேன், சொன்ன சொல்லக் காப்பாத்தினேன். அர்த்தனாரி அனுப்பல. "ஒரு காயிதத்தப் பத்திரமா அனுப்பத் தெரியாதவ, மெட்ராஸ்ல போயி தனியா என்னத்தக் கிழிப்பா?"ன்னுட்டாராம். படிப்ப முடிச்சா. இப்ப மில்லுல எடைக்கல்லுப் பக்கத்துல உக்காந்துட்டு ராகி, கம்பு நிறுத்துட்டு இருக்கறா. மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறாங்க.

போன திங்கக்கெழமை ஜூனியர் புள்ள ஒண்ணு அதே லெட்டருக்கு வந்துச்சு. நான் இப்பெல்லாம் அஞ்சு நிமிசத்துல குடுத்துடறனுங்க. ஆடியாவது ஆவணியாவது. வாங்கிட்டு அந்தப் புள்ள சொல்லுது, "கோகிலா அக்காதான் சார் சொன்னாங்க, ஃபாரம் தொறக்கற அன்னிக்கே போட்டுருன்னு. அந்தக் கம்பெனி இந்த வருசம் படிச்சு முடிச்சவங்களையும் எடுக்குது சார், அக்காவும் போடலாம். அவங்கப்பாதான் விடமாட்டேங்கறாரு. உன்ற லட்சணந்தான் ஊருக்கே தெரியுமேங்கறாராம்."

மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. இன்னிக்கு லீவு போட்டுட்டு, வந்துட்டேன். அந்த மில்லுல இருந்துதான் இப்ப வர்றேன். நீங்க எதுத்தாப்புல கடையில டீ குடிச்சுட்டு இருந்தப்ப ஸ்டாப்புல நின்னுட்டு இருந்தனே, அப்பத்தான்.

போனதும் அர்த்தனாரிக்குத் தல கால் புரியல. "காலேஜ் சாரு வந்திருக்கறாரு"ன்னு மில்ல நிறுத்தினாரு. மாவரைக்க வந்தவங்க நாலு பேரு வேற நிக்கறாங்க. தோள்ல கெடந்த துண்டால சேரத் தொடச்சுப் போட்டாரு. உக்காந்து நிமிந்தா, எதுத்த செவத்துல, அரவைக்கூலி எழுதின போர்டுக்குப் பக்கத்துல, என்ற லெட்டரு. லேமினேசன் பண்ணி மாட்டியிருக்கறாருங்க. ஜூன் இருவத்திநாலு. என்ற சீலு நீலமா பளிச்சுன்னு இருக்குது. "தெனம் இவ கண்ணுல படோணும்னுதானுங்க சார்"னாரு. அவளுக்கு நேரா இருக்குது அது. தல தூக்கினா அதுதான்.

பஸ்ல வர்றப்ப முழுக்க ஒத்திகை பாத்து வெச்சிருந்ததெல்லாம் போச்சு. இருந்தாலும் சொல்லிட்டனுங்க. "அர்த்தனாரி, அந்த லெட்டர நான் ஜூன்ல குடுக்கல. ஆகஸ்ட்லதான் குடுத்தேன். பழைய தேதி போட்டுக் குடுத்தேன். பொண்ணு மேல தப்பே இல்ல. தப்பு என்னோடது"ன்னு சொல்லிட்டேன். எடைக்கல்லுகிட்ட இருந்த புள்ள அப்படியே நின்னுருச்சு. நிறுக்க அள்ளின கம்பு கையிலயே இருக்குது.

அர்த்தனாரி என்னையே பாத்தாரு. அப்பறம் சிரிச்சாருங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு.

"பாருங்க, மனுசன்னா இவரு மனுசன்!"ன்னு நின்னவங்ககிட்டச் சொல்றாரு. "என்ற பொண்ணுக்கு இன்னொரு வழி கெடைக்கோணும்னு, பழிய அவரு தலையில போட்டுக்கறாரு பாருங்க! சார், உங்க பெரிய மனசு எனக்குத் தெரியாதா? காயிதத்துல தேதி இருக்குது, சீலு இருக்குது, நம்பரு இருக்குது. அது பொய் சொல்லுமா? ஏ கோகிலா, வந்து சார் கால்ல விழு. உனக்காக வந்திருக்கறாரு பாரு."

விழுந்தாளுங்க. அவ விழுந்தா. நான் காலப் பின்னுக்கு இழுத்துக்கிட்டேன்.

நீங்க கேக்கறது புரியுது. இல்லீங்க, அது அப்படி இல்ல, நெசமாத்தான் சொல்றேன், காலேஜுக்கு வாங்க ரிஜிஸ்டரக் காட்டறேன்னு நான் சொல்லியிருக்கலாம். வாயத் தொறந்தேன். அதுக்குள்ள காபி வந்துருச்சு. நாலு பேரும் என்ன மரியாதையாப் பாத்துட்டு நிக்கறாங்க. அப்படி யாரும் என்னப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க. காபிய வாங்கிக் குடிச்சேன். சூடா, நல்லா இருந்துச்சு. அவரு போயி மில்லப் போட்டுட்டாரு. அந்தச் சத்தத்துல அப்பறம் பேச முடியல. கெளம்பறப்ப ரெண்டு கிலோ சத்துமாவ மடியில வெச்சு அனுப்பறாரு. இதுதான் அந்தப் பையி.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தப் புள்ளையக் கூட அனுப்பினாரு. ரெண்டு பேரும் நடந்தோம். "நான் சொல்லிட்டேன் அம்மிணி, அவருதான் நம்பமாட்டேங்கறாரு"ன்னேன். இதையும் நாந்தாஞ் சொன்னேன், வேற யாரு சொல்லுவா?

அவ ரோட்டப் பாத்துட்டே சொன்னா, "இன்னொரு தடவை சொல்லியிருந்தா நம்பியிருப்பாருங்க சார்."

கோவமே இல்லீங்க அந்தக் குரல்ல. அதுக்குள்ள பஸ் வந்துருச்சு. ஏறிட்டேன்.